ஓய்வு வயதில் கனிந்த உண்மை

உற்பத்தியை ஆண்டுக் கணக்கில் அளக்கும் பொருளியலைக் கற்பித்தவன் நான். அந்த அளவுகோலை எனக்குள் ஐயுற வைத்தது, நுண்ணுயிரியல் அறிஞர் ஆஸ்வால்ட் ஏவரியின் வாழ்க்கை.

1877-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பிறந்த அவர், மருத்துவம் பயின்று, 1913-இல் நியூயார்க்கில் உள்ள ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தின் மருத்துவமனையில் சேர்ந்தார். நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாவே அவருடைய வாழ்நாள் ஆய்வானது.

வெப்பத்தால் கொல்லப்பட்ட கொடிய வகை பாக்டீரியா, உயிருள்ள தீங்கற்ற வகையைக் கொடியதாக மாற்றிவிடுவதாக 1928-இல் லண்டனைச் சேர்ந்த பிரெடரிக் கிரிஃபித் அறிவித்தார். ஏவரி முதலில் நம்பவில்லை. பின்னர் ஏற்றுக்கொண்டு, மாற்றத்தை விளைவிக்கும் பொருளைத் தம் ஆய்வகத்தில் பல்லாண்டுகள் தேடினார். புரதத்தைச் சிதைத்த பின்னும் மாற்றம் நிகழ்ந்தது; டி.என்.ஏ.வைச் சிதைத்ததும் நின்றுபோனது. மெக்லியாட், மெக்கார்ட்டி ஆகியோருடன் இதை 1944-இல் வெளியிட்டபோது ஏவரிக்கு வயது 66. முறைப்படி ஓய்வும் பெற்றிருந்தார்.

மரபுப் பொருள் புரதமே என்று கருதிய பலர் தயங்கினர். 1955-இல் மறைந்த அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவேயில்லை.

ஆண்டுக்கு எத்தனை கட்டுரைகள் என்று ஆசிரியர்களைக் கேட்கிறோம். ஒரே கேள்வியுடன் பல்லாண்டுகள் காத்திருப்பவரை அந்தக் கணக்கு எந்தப் பத்தியில் எழுதும்? ஏவரியின் பொறுமைக்கு இடமளித்த நிறுவனத்தையும் சேர்த்தே நாம் நினைவுகூர வேண்டும்.