பட்டமில்லாத ஜேம்ஸ் வாட்

ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளில் பணிக்காலத்தைக் கழித்தவன் நான். அதனால், பட்டயப் படிப்பு முடித்த பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் ஒரு கேள்வியோடு என்னிடம் வருவதுண்டு. கட்டுப்பாட்டுப் பொறியியலில் முன்னேறக் கல்லூரிப் பட்டம் அவசியம்தானா? அவர்களுக்கு நான் ஜேம்ஸ் வாட்டின் வாழ்க்கையைச் சொல்வேன். பாடநூல்கள் அவரை நீராவி இயந்திரத்தோடு நிறுத்திவிடுகின்றன. இயந்திரம் தன் வேகத்தைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும் கலையிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

ஸ்காட்லாந்தின் கிரீனாக் துறைமுக நகரில் 1736-இல் பிறந்த வாட், பல்கலைக்கழக மாணவராக இருந்ததே இல்லை. கணிதக் கருவிகள் செய்யக் கற்பதற்காக 1755-இல் லண்டன் சென்றவர், ஏழாண்டுகள் பயில வேண்டிய தொழிலை ஓராண்டில் கற்றுத் திரும்பினார். கிளாஸ்கோவில் கடை திறக்க முயன்றபோது, முறையான பயிற்சிக்காலத்தை முடிக்காதவர் என்று கூறிக் கம்மியர் சங்கம் தடுத்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் தெரிவிக்கின்றன. அந்நாளில் அதுதான் சான்றிதழ். வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் புகலிடம் தந்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகம். தன் வளாகத்துக்குள்ளேயே பட்டறை நடத்த 1757-இல் அவருக்கு இடமளித்தது.

அந்தப் பட்டறையே அவருக்குக் கல்லூரியாயிற்று. உள்ளுறை வெப்பத்தைக் கண்டறிந்த பேராசிரியர் ஜோசப் பிளாக்கிடமே அதன் விளக்கத்தை வாட் கேட்டறிந்தார். இயந்திரங்களைப் பற்றிய ஒரு நூலைப் படிப்பதற்காகவே ஜெர்மன் மொழி கற்றார் என்று நண்பர் ராபிசன் பதிவு செய்திருக்கிறார். பழுதுபார்க்க வந்த நியூகோமன் இயந்திரத்தின் மாதிரி ஏன் இவ்வளவு நீராவியை விழுங்குகிறது என்று ஆராயத் தொடங்கி, 1765-இல் தனிக் குளிர்கலன் என்ற தீர்வை எட்டினார்.

நம் கேள்விக்கு நெருக்கமானது 1788-இல் நடந்தது. லண்டனில் ஒரு மாவு ஆலையில் தாம் கண்ட கருவியைப் பற்றிக் கூட்டாளி போல்டன் எழுத, வாட் அதை நீராவி இயந்திரத்துக்கு ஏற்றவாறு அமைத்தார். சுழலும் அச்சில் இரண்டு குண்டுகள் தொங்கும். வேகம் மிகுந்தால் அவை விலகி உயர்ந்து, நெம்புகோல் வழியாக நீராவி வரும் வால்வைக் குறுக்கும். வேகம் தணிந்தால் தாழ்ந்து திறக்கும். கவர்னர் என்று இன்றும் நாம் அழைப்பது இதன் வழிவந்ததே. அதன் மூலக்கருத்து தம்முடையது என்று வாட் உரிமை கொண்டாடவில்லை. காற்றாலைக்காரர்கள் முன்பே அறிந்திருந்தது அது.

கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 1806-இல் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது 70. தொழிலிலிருந்து விலகி ஆறாண்டுகள் ஆகியிருந்தன. 1819-இல் மறைந்தார்.

கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் மகிழ்ந்து எழுந்துவிடுகிறார்கள். நான் விடுவதில்லை. பின்னாளில் பெருகிய கவர்னர்களில் சில, வேகத்தை நிலைநிறுத்துவதற்குப் பதிலாக ஏறியும் இறங்கியும் அலைபாய வைத்தன. கைத்திறன் மிக்கவர்கள் குண்டின் எடையை மாற்றிப் பார்த்தார்கள், உராய்வைக் கூட்டிப் பார்த்தார்கள். எந்த நிலையில் அலைபாயும், எந்த நிலையில் அடங்கும் என்பதை 1868-இல் வகைக்கெழுச் சமன்பாடுகளால் ஆராய்ந்து காட்டியவர், கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்.

ஆகவே என் பதில் இரண்டு பகுதியாகத்தான் இருக்கிறது. சென்சாரைச் சீரமைக்கவும், பிஎல்சி நிரல் எழுதவும், ஆலையை ஓடவைக்கவும் பட்டயம் போதும். அத்தகையவர்களைப் பட்டமில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பதவி உயர்வில் ஒதுக்குவது, கம்மியர் சங்கம் செய்ததையே மீண்டும் செய்வது. ஆனால், அலைபாயும் அமைப்பு ஏன் அலைபாய்கிறது என்று தாளில் நிறுவ வேண்டிய நாள் வந்தால் அந்தக் கணிதம் கையில் இருக்க வேண்டும். பட்டயம் முடித்தவர்கள் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரத் தமிழகத்தில் வழி இருக்கிறது. வீட்டுச் சூழல் இடங்கொடுத்தால் போய்ச் சேருங்கள் என்கிறேன். இடங்கொடுக்காவிட்டால், வேலையில் சேர்ந்த பிறகும் அந்தக் கணித நூலை மட்டும் மூடிவைக்க வேண்டாம் என்கிறேன்.