பிரேம்சந்த் ராய்சந்த்: ஏற்றமும் இறக்கமும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களில், ஓய்வு பெற்றபொழுது கிடைத்த தொகையைப் பங்குகளிலும் பரஸ்பர நிதிகளிலும் இட்டு வைத்திருப்போர் பலர். விலை இறங்கிய செய்தி கேட்டு உறக்கம் இழப்போரும் உளர். அன்னோர் பொருட்டே, சமணப் பெருவணிகர் ஒருவரின் வரலாற்றை எழுத முற்படுகிறோம்.

பிரேம்சந்த் ராய்சந்த் 1831ஆம் ஆண்டு சூரத்தில் பிறந்தவர். தந்தையாருடன் பம்பாய்க்கு வந்து, ஆங்கிலம் கற்று, இளமையிலேயே பங்குத் தரகில் ஈடுபட்டார். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்து ஆலைகளுக்குச் செல்வது தடைப்படவே, இந்தியப் பஞ்சின் விலை பன்மடங்கு உயர்ந்தது. பம்பாயில் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. புதிய வங்கிகளும் கடலைத் தூர்த்து நிலம் ஆக்கும் கம்பெனிகளும் முளைத்தன. ரூ.5,000 செலுத்திய பேக் பே கம்பெனிப் பங்கு ரூ.50,000 வரை ஏறியது.

இதற்குப் பஞ்சு மட்டுமே காரணம் அன்று. வங்கிகள் பங்குகளையே ஈடாகப் பெற்றுக் கடன் வழங்கின. கடன் பெற்றோர் மேலும் பங்குகள் வாங்கினர், விலை ஏறியது, ஈட்டின் மதிப்பு ஏறவே கடனும் பெருகியது. பம்பாய் வங்கியில் பிரேம்சந்துக்கு இருந்த செல்வாக்கும் இதற்குத் துணைநின்றது.

1865இல் போர் முடிந்தது. பஞ்சு விலை சரிந்தது. ஏற்றிய சக்கரமே எதிர்த்திசையில் சுழன்றது. கடனைத் தீர்க்க எல்லோரும் விற்க முனைந்தனர், வாங்குவார் இலர். ரூ.2,850 விலை பெற்றிருந்த பம்பாய் வங்கியின் பங்கு ரூ.87க்கு வந்தது. 1868இல் அவ்வங்கியே மூடப்பட்டது. பிரேம்சந்தும் பெரும்பொருள் இழந்தார். எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1875இல் பம்பாய்த் தரகர்கள் சங்கம் அமைத்தபொழுது அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவராய் நின்றார். அச்சங்கமே இன்றைய மும்பைப் பங்குச் சந்தை. 1906இல் அவர் மறைந்தார்.

இன்று வங்கிகளின் இடத்தில் பெருநிதி நிறுவனங்கள் நிற்கின்றன. 1992 முதல் அயல்நாட்டு நிறுவனங்களும் நம் சந்தையில் முதலிடுகின்றன. அவை ஒருசேர வாங்கினால் விலை பொங்குகிறது. ஒருசேர விற்றால் சரிகிறது. 2020 மார்ச் மாதத்தில் அவை ஏறத்தாழ ரூ.60,000 கோடியைத் திரும்பப் பெற்றன; அம்மாதம் 23ஆம் நாள் சென்செக்ஸ் 13 சதவீதம் வீழ்ந்தது. உள்நாட்டு நிறுவனங்கள் வாங்கி நின்றமையால் வீழ்ச்சி ஓரளவு தாங்கப்பட்டது. ஆகவே, பெரும்பணம் சந்தைக்குப் புயலும் ஆகும், தூணும் ஆகும். கடன் பெற்றுப் பங்கு வாங்கியவரே புயலில் முதலில் சாய்வர் என்பதை நம் இல்லத்தார் மறத்தல் கூடாது.

செல்வம் செழித்த 1864இல், பிரேம்சந்த் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் மணிக்கூண்டு எழுப்ப ரூ.2 லட்சம் வழங்கினார். 1878இல் நிறைவுற்ற அது, அவர்தம் அன்னையார் ராஜாபாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பார்வை இழந்த அவ்வன்னையார், மணியோசை கேட்டுப் பொழுது சாயுமுன் உணவு கொள்ள அது உதவியது என்பர். குவித்த பங்குகள் மறைந்தன. கொடுத்த கொடை நிலைத்தது. மிகுபொருள் விரும்பாமையின் பொருளை இதனினும் தெளிவாக நாம் எடுத்துரைக்க இயலுமோ?

அறம் வளர்க.