சிறை சென்றவர் கணக்கில் கையெழுத்துப் போடலாமா? இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் சிவபோகம்

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஒரு நடுத்தரக் குடும்பம் பணம் பற்றிப் பெரிய முடிவு எடுக்கும்போது, பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். எதுக்கும் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுடலாம். வீட்டை விற்றாலும் சரி, ஓய்வுபெற்ற அப்பாவுக்கு பி.எஃப். பணம் மொத்தமாக வந்தாலும் சரி, பெண் பேரில் ஃபிக்சட் டெபாசிட் போட்டாலும் சரி. சென்னையில் ஆடிட்டர் என்றால் வரிக்கணக்கு பார்ப்பவர் மட்டும் இல்லை. பல வீடுகளுக்கு அவர்தான் நிதி ஆலோசகர்.

அந்த நாற்காலியில் ஒரு பெண்ணும் உட்காரலாம் என்று இந்தியாவில் முதலில் காட்டியவர் சென்னையில் வாழ்ந்த ஆர்.சிவபோகம். கணக்கியல் தேர்வில் அவர் தேறியது 1933-ல். சொந்தமாகத் தொழில் தொடங்கியது 1937-ல். இந்த இரண்டுக்கும் நடுவே அவர் முன் நின்ற தடை கணக்குப் பாடம் அல்ல, அவருடைய சிறைவாசம்.

பிறந்த வருஷமும் ஒரு வங்கியும்

சிவபோகம் பிறந்தது 1907 ஜூலை 23. அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னையின் பெரிய பிரிட்டிஷ் நிறுவனங்களில் ஒன்றான அர்பத்நாட் திவாலானது. வெள்ளைக்காரக் கம்பெனி, பணம் எங்கே போகப்போகிறது என்று நம்பி சேமிப்பைப் போட்டு வைத்திருந்த ஏராளமான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அந்த அடியிலிருந்து பிறந்ததுதான் இந்தியன் வங்கி. மயிலாப்பூர் வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயன்றதில் அது 1907 ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியது.

பெரிய பெயரை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுக்கக் கூடாது, கணக்கைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்ற பாடத்தைச் சென்னை அப்போது நல்ல விலை கொடுத்துத்தான் கற்றது. ஆனால் அப்படிக் கணக்கைப் பார்க்கும் வேலையில் அன்று பெண்களுக்கு இடமே இல்லை.

ராணி மேரியில் தொடங்கிய பாதை

சிவபோகம் படித்தது மெரினா கடற்கரைச் சாலையில் உள்ள ராணி மேரி கல்லூரியில். 1914-ல் தொடங்கிய இதுதான் சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி. அவர் வாழ்க்கையில் பெரிய தாக்கத்தை ஏற்படுத்தியவர் சகோதரி சுப்பலட்சுமி. குழந்தைப் பருவத்திலேயே கணவரை இழந்து, பிறகு படித்து 1911-ல் பட்டம் பெற்றவர் அவர். கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில், சின்ன வயதிலேயே விதவையான பெண்களுக்கு விடுதி நடத்தினார். அந்தப் பெண்கள் படித்து ஆசிரியர் வேலைக்குப் போனார்கள். சொந்தச் சம்பளம் கைக்கு வந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை எவ்வளவு மாறும் என்பதற்கு அந்த விடுதியே சாட்சி.

அதே காலத்தில் காந்தியின் இயக்கமும் சிவபோகத்தை ஈர்த்தது. கதர் உடுத்தினார். அந்நியத் துணி புறக்கணிப்பில் இறங்கினார். விளைவு, வேலூர் சிறையில் ஓராண்டு. பலருக்குச் சிறை படிப்பை முடித்து வைக்கும். சிவபோகத்துக்கு அடுத்த படிப்பைத் தொடங்கி வைத்தது. கணக்கியல் படிக்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்தது அங்கேதான்.

பாஸ் பண்ணினார், ஆனால் கையெழுத்துப் போட முடியவில்லை

அப்போது சி.ஏ. என்ற இந்தியப் பட்டம் கிடையாது. ஜி.டி.ஏ. எனப்பட்ட அரசு கணக்கியல் டிப்ளமா இருந்தது. அதில் தேறி, பயிற்சி முடித்து, அரசின் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் கம்பெனிக் கணக்குகளைத் தணிக்கை செய்ய முடியும். 1933-ல் சிவபோகம் ஜி.டி.ஏ. தேறினார். இந்தியாவில் அதைச் செய்த முதல் பெண் அவர். சென்னையின் கணக்காளர் சி.எஸ்.சாஸ்திரியிடம் தொழில் பயிற்சி பெற்றார்.

சிக்கல் பதிவேட்டில் இருந்தது. சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்றது அன்றைய விதி. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான விதிதான். மோசடி செய்து உள்ளே போனவரிடம் யாராவது கணக்கை ஒப்படைப்பார்களா? ஆனால் பிறர் பணத்தைக் கையாடியவரையும், நாட்டின் விடுதலை கேட்டுச் சிறை போனவரையும் அந்த விதி ஒரே தட்டில் வைத்தது.

ஆடிட்டர் விற்பது கூட்டல் கழித்தலை அல்ல. அதை நன்றாகப் படித்த யாரும் செய்துவிடலாம். ஆடிட்டர் தருவது ஒரு கையெழுத்து. இந்தக் கணக்கைப் பார்த்தேன், இது நிலைமையைச் சரியாகக் காட்டுகிறது என்ற உறுதி அது. முன்பின் தெரியாத ஒருவர் அதை நம்பித்தான் கடன் கொடுக்கிறார், பங்கு வாங்குகிறார். சிவபோகத்துக்குக் கணக்குத் தெரியும் என்று தேர்வு சொல்லிவிட்டது. அவரை நம்பலாமா என்ற கேள்விக்குத்தான் விதி கூடாது என்றது.

அவர் விடவில்லை. சட்டப்படி எதிர்த்துப் போராடினார், வென்றார். 1937-ல், 30 வயதில், சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

உலக அளவில் பார்த்தாலும் இது சாதாரண விஷயம் இல்லை. இங்கிலாந்தின் மேரி ஹாரிஸ் ஸ்மித் 1891-லேயே சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் ஆக விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுத்தார்கள். 1919-ல் சட்டம் மாறி, 1920-ல் அனுமதி கிடைத்தபோது அவர் 70 வயதைத் தாண்டியிருந்தார்.

பெண் கையில் சொத்து வந்த காலம்

சிவபோகம் தொழில் தொடங்கிய அதே 1937-ல்தான் இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் வந்தது. கணவர் இறந்தால் அவர் சொத்தில் மனைவிக்கும் பங்கு உண்டு என்றது அது. ஆனால் வாழும்வரை அனுபவிக்கும் உரிமை மட்டுமே, முழு உரிமை இல்லை. அந்தக் குறையைப் போக்கியது 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம். சிவபோகம் தொழில் செய்த காலம், பெண்களின் பெயரில் சொத்தும் சம்பளமும் மெல்ல மெல்லச் சேரத் தொடங்கிய காலம்.

சொத்து பேரில் இருப்பது ஒன்று. அதன் கணக்கைத் தானே படிக்கத் தெரிவது வேறு. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது எந்த நேரமும் கைவிட்டுப் போகலாம். தணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதை 1938 மறுபடியும் நினைவூட்டியது. அந்த ஆண்டு திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மூடப்பட்டு, தென்னிந்தியாவில் பலரின் சேமிப்பு சிக்கிக்கொண்டது.

தலைவர் பதவியும் ஒரு பரிசும்

விடுதலைக்குப் பிறகு சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்கள் சட்டம் வந்தது. 1949 ஜூலை 1 அன்று ஐ.சி.ஏ.ஐ. உருவானது. பழைய பதிவேட்டில் இருந்தவர்கள் புதிய அமைப்பின் உறுப்பினர்களானார்கள். அப்படித்தான் சிவபோகம் நாட்டின் முதல் பெண் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் என்றும் அறியப்படுகிறார். 1955 முதல் 1958 வரை அதன் தென்னிந்திய மண்டலக் குழுவின் தலைவராக இருந்தார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்ணும் அவரே. பதிவேட்டில் பெயர் சேர்க்கவே முடியாது என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவர், அந்தத் தொழிலுக்கே தென்னிந்தியாவில் தலைமை தாங்கினார்.

1956-ல் இன்னொரு வேலையும் செய்தார். சி.ஏ. இறுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறும் சிறந்த மாணவிக்கு ஒரு பரிசை ஏற்படுத்தினார். தனக்குத் திறந்த கதவு தனக்குப் பின்னால் மூடிக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை கதர்தான். நல்ல வருமானம் தரும் தொழிலில் இருந்தும் எளிமையாகவே வாழ்ந்தார். 1966 ஜூன் 14 அன்று, 58 வயதில் காலமானார்.

இன்று நமக்கு இதில் என்ன இருக்கிறது?

இப்போது நிதி ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. போனைத் திறந்தால் ரீல்ஸில் பத்துப் பேர் சொல்லித் தருகிறார்கள். பஞ்சம் இருப்பது பொறுப்பேற்கும் கையெழுத்துக்குத்தான். தவறாகச் சொன்னால் யாரிடம் போய்க் கேட்பது?

இதற்கு இரண்டு எளிய சோதனைகள் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை தருபவர், செபியின் 2013 விதிமுறைகளின்படி பதிவு பெற்றவரா என்று செபி தளத்தில் பார்க்கலாம். சி.ஏ. ஒருவர் சான்றிதழ் தந்தால் அதில் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க அடையாள எண் இருக்க வேண்டும். 2019 முதல் இது கட்டாயம். அந்த எண்ணை ஐ.சி.ஏ.ஐ.யின் தளத்தில் போட்டால், கையெழுத்து உண்மையா என்று தெரிந்துவிடும். ரெண்டு நிமிஷ வேலை.

பதிவேட்டில் பெயர் இருப்பது வெறும் சம்பிரதாயம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்த ஒரு வரிக்காக சிவபோகம் அரசின் விதியையே எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது. உங்கள் சேமிப்பை ஒருவரை நம்பி ஒப்படைக்கும் முன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.