ஹவாய் தந்த நீச்சல் வீரர் ட்யூக் கஹானமோகு

1911-ம் ஆண்டு ஆகஸ்ட் 11-ந் தேதி ஹானலூலு துறைமுகத்தில் ஒரு நீச்சல் போட்டி நடந்தது. நீச்சல் குளம் கிடையாது. கப்பல்கள் வந்து நிற்கும் உப்பு நீரிலேயே கயிறு கட்டித் தூரம் அளந்திருந்தார்கள். 21 வயது நிரம்பாத இளைஞர் ஒருவர் 100 கெஜ தூரத்தை 55.4 விநாடியில் கடந்தார். அதுவரை இருந்த சாதனையை விட இது 4.6 விநாடி குறைவு.

செய்தி நியூயார்க்கிலுள்ள விளையாட்டுச் சங்கத்துக்குப் போனது. அவர்கள் நம்பவில்லை. பந்தயக் கடிகாரத்துக்குப் பதில் அலாரம் கடிகாரத்தை வைத்து அளந்திருப்பார்கள் என்று கேலி செய்தார்கள். பிறகு, நீரோட்டம் தள்ளிவிட்டிருக்கும் என்றார்கள். சாதனை பதிவாகவில்லை. எங்கோ ஒரு தீவிலிருந்து வந்த கணக்கை ஏற்கத் தலைமை அலுவலகத்துக்கு மனம் வரவில்லை. அந்த இளைஞர்தான் ட்யூக் கஹானமோகு.

ட்யூக் என்பது பட்டம் அல்ல, பெயர்தான். 1869-ல் எடின்பரோ கோமகன் ஹவாய்க்கு வந்ததன் நினைவாகத் தந்தைக்கு இட்ட பெயர் மூத்த மகனுக்கும் வந்தது. 1890-ல் அவர் பிறந்தபோது ஹவாய் தனி அரசு. 1893-ல் அரசியைப் பதவி இறக்கினார்கள். 1898-ல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. தந்தை போலீஸ் உத்தியோகஸ்தர், குடும்பம் பெரியது. ட்யூக் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுத் துறைமுகத்தில் வேலைக்குப் போனார். மீதிப் பொழுதெல்லாம் வைகிகி கடற்கரைதான்.

1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். நேரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு அமெரிக்க வீரர்கள் அரையிறுதிக்கு வராமல் இருந்துவிட்டார்கள். விதிப்படி அவர்கள் கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலிய வீரர் செசில் ஹீலி, அவர்கள் இல்லாமல் ஜெயிப்பது வெற்றியாகாது என்று வாதாடினார். தனியாக ஒரு போட்டி வைத்தார்கள். இறுதியில் ட்யூக் 63.4 விநாடியில் தங்கம் வென்றார், ஹீலிக்கு வெள்ளி. அந்த ஹீலி 1918-ல் பிரான்ஸ் போர்க்களத்தில் மாண்டார். நீச்சல் சரித்திரத்தில் மறக்கக்கூடாத மனிதர் அவர்.

பதக்கம் வந்தது, பணம் வரவில்லை. விளையாட்டுக்குக் காசு வாங்கியவர் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ள முடியாது என்பது அன்றைய விதி. அதே ஸ்டாக்ஹோமில் ஜெயித்த ஜிம் தோர்ப், முன்பு பேஸ்பால் ஆடிச் சொற்பக் கூலி வாங்கியதற்காக 1913-ல் பதக்கங்களை இழந்தார். ஆகவே உலகம் புகழ்ந்த ட்யூக், ஊரில் கிடைத்த சில்லறை வேலைகளைப் பார்த்தார்.

1916 ஒலிம்பிக் போரினால் நின்றுபோனது. 1920-ல் ஆண்ட்வெர்ப்பில், தமது 30-வது பிறந்த நாளன்று, 60.4 விநாடியில் உலக சாதனையோடு முதலில் வந்தார். இடைஞ்சல் செய்தார்கள் என்று ஒரு வீரர் புகார் செய்யவே, மறுபடியும் நீந்தச் சொன்னார்கள். நீந்தி மறுபடியும் ஜெயித்தார். 1924-ல் பாரிஸில் 20 வயது ஜானி வைஸ்முல்லர் அவரைத் தோற்கடித்தார். ட்யூக்குக்கு வெள்ளி, அவர் தம்பி சாமுக்கு வெண்கலம். வைஸ்முல்லர் பின்னால் டார்ஜானாக நடித்துக் கொடிகட்டிப் பறந்தார். ட்யூக்கும் ஹாலிவுட்டில் இருந்தார். கிடைத்தவை சின்ன வேடங்களே.

அவருடைய பெரிய காரியம் பந்தயத்தில் நடந்ததல்ல. 1925 ஜூன் 14 காலை, கலிபோர்னியாவில் கொரோனா டெல் மார் அருகே தெல்மா என்ற படகு பேரலையில் கவிழ்ந்தது. படகில் இருந்தவர்கள் 29 பேர். ட்யூக் தமது அலைச்சறுக்குப் பலகையோடு பாய்ந்தார். போய்ப் போய் வந்தார். பிழைத்த 12 பேரில் 8 பேரைக் கரை சேர்த்தவர் அவரே. மீதி 17 பேர் மாண்டார்கள். கடலில் உயிர் காக்கப் பலகை உதவும் என்பதைக் காவல் வீரர்கள் அதன் பிறகே உணர்ந்தார்கள். அந்தப் பலகைச் சவாரியை 1914-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய், சிட்னி அருகே பைன் மரத்தில் தாமே பலகை செதுக்கி, அலை மேல் நின்று காட்டியவரும் இவர்தான்.

இத்தனைக்கும் பிறகு ஊர் திரும்பி பெட்ரோல் பங்க் நடத்தினார். 1934-ல் ஹானலூலு மக்கள் அவரை ஷெரீப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1961-ல் அந்தப் பதவியே எடுக்கப்படும் வரை விடாமல் ஜெயித்தார்.

1968 ஜனவரி 22-ல், 77-வது வயதில் மரணமடைந்தார். அஸ்தியை வைகிகி கடலில் கரைத்தார்கள். 1990-ல் அங்கே வெண்கலச் சிலை வைத்தார்கள். அது கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது. அலை தெரிந்த ஆள் கடலுக்கு முதுகு காட்டமாட்டான் என்று உள்ளூர்க்காரர்களுக்குக் குறை.