மால்குடியை மாற்றாமல் தந்த சங்கர் நாக்

பெங்களூரில் ஆட்டோ ரிக்‌ஷாவில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். சில வண்டிகளின் பின்புறம் அவர் படம் ஒட்டப்பட்டிருக்கும். சில ஆட்டோ நிறுத்தங்களுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கும். 1990-ல் காலமான ஒரு நடிகரை ஓர் ஊரின் ஆட்டோ ஓட்டுனர்கள் இன்றும் தங்கள் வீட்டுப் பிள்ளையாகப் போற்றுகிறார்கள் என்றால், அவர் சாதாரணமானவராக இருக்க முடியாது. அவர்தான் சங்கர் நாக்.

கர்நாடகத்துக்கு அவர் ‘ஆட்டோ ராஜா’. மற்ற மாநிலத்தாருக்கோ அவரை வேறொரு வழியில் தெரியும். ஆர்.கே.நாராயணின் மால்குடிக் கதைகளை டெலிவிஷனில் தந்தவர் அவர். லட்சக்கணக்கான வாசகர்கள் மனதில் வைத்துப் பூஜித்த ஒரு கற்பனை ஊரை, கெடுக்காமல் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தினார். அது எவ்வளவு கடினமான வேலை என்பதை அறிந்தால்தான் அவருடைய பெருமை விளங்கும்.

நாடக மேடையில்

சங்கர் நாக் 1954-ம் ஆண்டு நவம்பர் 9-ந்தேதி வட கன்னட மாவட்டம் ஹொன்னாவர் பகுதியில் பிறந்தார். வீட்டில் கொங்கணி பேசும் குடும்பம். நடிகர் அனந்த் நாக் இவருடைய அண்ணன்.

பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் வெளியூர் போன ஆயிரக்கணக்கான தென்னாட்டு இளைஞர்களைப் போலவே சங்கரும் பம்பாய் போய்ச் சேர்ந்தார். அங்கே அவரை இழுத்துக்கொண்டது மராத்தி நாடக மேடை. நடிப்பு, ஒளியமைப்பு, மேடை நிர்வாகம் என்று நாடகத்தின் எல்லா வேலைகளையும் அங்கேதான் கற்றார். நாடக ஒத்திகையில் அறிமுகமான அருந்ததியையே பிற்பாடு மணந்துகொண்டார். புனாவில் வெள்ளைக்கார அதிகாரியைச் சுட்டுக் கொன்ற சாபேகர் சகோதரர்களைப் பற்றிய ‘22 ஜூன் 1897’ என்ற மராத்திப் படத்தின் எழுத்து வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு.

கன்னடப் படவுலகுக்கு அவரை அழைத்து வந்தவர் கிரீஷ் கர்னாட். 1978-ல் வெளிவந்த ‘ஒந்தானொந்து காலதல்லி’ படத்தில் கூலிப்படை வீரனாக நடித்தார். அது முதல் படம். அதற்கே இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான பரிசு கிடைத்தது.

அதன்பின் அவர் ஓட்டம் நிற்கவில்லை. 12 ஆண்டுகளில் 80 படங்களுக்கு மேல் நடித்தார். 1980-ல் வந்த ‘ஆட்டோ ராஜா’ அவரை ஆட்டோ ஓட்டுனர்களின் கண்கண்ட தெய்வமாக்கிவிட்டது. இதே கதையை 1982-ல் தமிழில் விஜயகாந்த் நடித்து நம்மவர்களும் பார்த்தார்கள். அவர் டைரக்ட் செய்து நடித்த ‘கீதா’ (1981) படத்துக்கு இசை இளையராஜா. அந்தப் பாடல்கள் கன்னட நாட்டில் இன்றும் ஒலிக்கின்றன. குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பாதையோரம் படுத்திருந்த ஏழைகளைக் கொல்லும் பணக்காரப் பிள்ளையைப் பற்றி அவர் எடுத்த ‘ஆக்ஸிடென்ட்’ (1985) தேசிய விருது பெற்றது.

சண்டைப் படங்களில் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த இந்த 31 வயது இளைஞரிடம்தான் மால்குடி வந்து சேர்ந்தது.

சூடுபட்ட எழுத்தாளர்

ஆர்.கே.நாராயண் 1906-ல் சென்னையில் பிறந்த தமிழர். வாழ்ந்தது பெரும்பாலும் மைசூரில். எழுதியது ஆங்கிலத்தில். 1935-ல் வெளிவந்த ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலில் தொடங்கி, தம் கதைகளை எல்லாம் மால்குடி என்ற ஓர் ஊரிலேயே நடத்தினார். தேசப்படத்தில் அந்த ஊர் இல்லை. ஆனால் சரயு ஆறு, மெம்பி மலை, மார்க்கெட் ரோடு, ஆல்பர்ட் மிஷன் பள்ளிக்கூடம் எல்லாம் வாசகர்களுக்குத் தங்கள் சொந்தத் தெருவைப் போலத் தெரியும்.

கதைகளில் நடப்பதோ வேடிக்கை. ஒருவனுக்குக் கண்காட்சி லாட்டரியில் ரோடு என்ஜின் பரிசாக விழுந்துவிடும். அதை நகர்த்த யானை வேண்டும், ஆள் வேண்டும். கடைசியில் பூகம்பம் வந்து அதைப் பாழுங்கிணற்றில் தள்ளி அவனைக் காப்பாற்றும். ஒரு டாக்சி டிரைவரின் உடம்பில் பாழடைந்த கோயிலின் கிழட்டு ஆவி புகுந்துகொண்டு தன் பழைய வீட்டைத் தேடும். மிட்டாய்க் கடைக்காரர் ஜகனின் மகன் அமெரிக்காவிலிருந்து கதை எழுதும் இயந்திரத் திட்டத்தோடு வந்து இறங்குவான். எல்லாம் நடக்க முடியாதவை போல இருக்கும். ஆனால் படிக்கும்போது பக்கத்து வீட்டில் நடப்பதாகவே தோன்றும். இதுதான் நாராயணின் கைவண்ணம்.

இதைப் படமாக்குவதில் அவருக்கு ஏற்கெனவே சூடு பட்டிருந்தது. அவருடைய ‘கைடு’ நாவலை 1965-ல் இந்தியில் பெரும் செலவில் எடுத்தார்கள். தேவ் ஆனந்தும் வஹீதா ரஹ்மானும் நடித்த அந்தப் படம் மகத்தான வெற்றி. ஆனால் அதில் மால்குடி இல்லை. கதை ராஜஸ்தானத்து அரண்மனைகளுக்குக் குடிபோய்விட்டது. நாராயண் மனம் கசந்து அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். ஊரார் கொண்டாடுகிறார்கள், பெற்றவருக்கோ தம் பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. இப்படிப்பட்டவரிடம் மறுபடி போய்க் கதைகளைக் கேட்பதென்றால் நம்பிக்கை தர வேண்டும். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவும் வேண்டும்.

டி.எஸ்.நரசிம்மன் தயாரிக்க முன்வந்தார். டைரக்‌ஷன் பொறுப்பு சங்கர் நாக்கிடம் வந்தது.

இல்லாத ஊரைத் தேடி

முதல் சிக்கல், ஊர். பெங்களூர் ஸ்டூடியோவில் அட்டைச் சுவர் எழுப்பி மால்குடி என்று பெயர்ப் பலகை மாட்டியிருக்கலாம். சங்கர் அதைச் செய்யவில்லை. சிமோகா மாவட்டத்தில் மலைமேல் இருக்கும் ஆகும்பே கிராமத்துக்குப் போனார். மழைக்குப் பேர்போன இடம். ஓட்டு வீடுகள், அகலமான திண்ணைகள், நடுவே ஒரு கடைவீதி. ‘தொட்டமனே’ என்ற பழைய பெரிய வீடு சுவாமியின் வீடாயிற்று. கலை இயக்குனர் ஜான் தேவராஜ், கதையில் வரும் வெள்ளைக்கார லாலி துரையின் சிலையையும் ஊருக்குள் நிறுத்தினார். அதே மாவட்டத்து அரசாளு ரெயில் நிலையம் மால்குடி ஸ்டேஷனாக மாறியது. ஆகும்பே மக்களே கூட்டத்தில் வந்து நின்றார்கள், நடித்தார்கள்.

அடுத்தது ஆட்கள். சிறுவன் சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத். அவன் தகப்பனாராக கிரீஷ் கர்னாட். மிட்டாய்க் கடை ஜகனாக, அப்போது நாற்பது வயதைக்கூட எட்டாத அனந்த் நாக் கிழவர் வேடம் போட்டார். சங்கரும் சில கதைகளில் தலைகாட்டினார். ஆனால் தனக்கென்று நாயகன் பாத்திரம் எதையும் பெரிதாக்கிக்கொள்ளவில்லை.

படங்களை வரைந்து தந்தவர் நாராயணின் தம்பியும் புகழ்பெற்ற கார்ட்டூனிஸ்டுமான ஆர்.கே.லட்சுமண். இசை, ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு இசையமைத்த நம்முடைய எல்.வைத்தியநாதன். வார்த்தையே இல்லாமல் குரலால் இழுக்கும் அந்தத் தொடக்க இசை, அந்தக் காலத்தில் டெலிவிஷன் பார்த்த யாருக்கும் மறக்காது. கேமரா எஸ்.ராமச்சந்திரா.

பேச்சு இந்தியில். ஆரம்பப் பகுதிகளை ஆங்கிலத்திலும் எடுத்தார்கள். ஆனால் குடுமியும் பஞ்சகச்சமும், முற்றமும் ஊஞ்சலும் தென்னாட்டுடையவை. மொழி மாறியதே தவிர, மண் மாறவில்லை.

சேர்க்காமல் விட்டது

நாராயணின் கதைகளைப் படமாக்க வருகிறவருக்கு ஒரு சபலம் எழும். கதை சின்னது. சண்டை இல்லை, சபதம் இல்லை. முடிவில் பெரிய நீதியும் இல்லை. ஆகவே ஒரு வில்லனைச் சேர்ப்போம், ஒரு பாட்டைப் புகுத்துவோம், கடைசியில் எல்லாரையும் அழவைப்போம் என்று தோன்றும். அந்த வித்தைகள் எல்லாம் சங்கருக்கு அத்துப்படி. தினமும் சினிமாவில் செய்துகொண்டிருந்தவைதானே! மால்குடியில் அவற்றை வெளியே நிறுத்திவிட்டார்.

‘மாதம் நாற்பத்தைந்து ரூபாய்’ என்ற கதையை எடுத்துக்கொள்ளலாம். வெங்கட்ராவ் ஆபீஸ் குமாஸ்தா. இன்று சாயங்காலம் சினிமாவுக்கு அழைத்துப்போவதாகக் குழந்தை சாந்தாவிடம் சொல்லிவிட்டுப் போகிறார். குழந்தை கவுன் உடுத்திக்கொண்டு வாசலில் காத்திருக்கிறாள். ஆபீசில் வேலை முடியவில்லை. நாற்பது ரூபாய்க்காக இப்படி உயிரை விடுவதா என்று கொதித்து ராஜினாமா கடிதம் எழுதுகிறார். அந்த நேரம் பார்த்து மேலதிகாரி ஐந்து ரூபாய் சம்பள உயர்வைச் சொல்கிறார். கடிதம் கிழிபடுகிறது. வெங்கட்ராவ் இரவில் வீடு திரும்பும்போது குழந்தை உடுத்திய கவுனோடு தூங்கிவிட்டிருக்கிறாள்.

அவ்வளவுதான் கதை. குமாஸ்தாவாக நடித்தவர் கன்னடத்தின் பெரிய நட்சத்திரம் விஷ்ணுவர்தன். அவர் நடிக்கிறாரே என்று மேலதிகாரியை எதிர்த்து நாலு வசனம் பேசவைத்திருந்தால் ஜனங்கள் கைதட்டியிருப்பார்கள். ஆனால் கதை செத்திருக்கும். ஐந்து ரூபாயில் ஒரு மனிதனின் கோபம் அடங்கிப்போகும் சோகத்தை அப்படியே விட்டார் டைரக்டர். மாதச் சம்பளக்காரர்கள் எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போயிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

கல்யாணம் நின்றுவிடக் கூடாதென்று சாவுச் செய்தியை மறைத்துவைக்கும் தபால்காரர் கதையும் அப்படித்தான். அவர் செய்தது சரியா, தப்பா என்று படம் தீர்ப்புச் சொல்லவில்லை. பார்க்கிறவர்களே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது.

நாட்டில் தூர்தர்ஷனைத் தவிர வேறு டெலிவிஷன் இல்லாத 1980-களின் பிற்பகுதி அது. வடக்கே டில்லியிலும், மேற்கே பம்பாயிலும், கிழக்கே கல்கத்தாவிலும் இந்தத் தொடரைப் பார்த்தார்கள். சங்கர் நாக் டைரக்ட் செய்தவை 39 பகுதிகள். கதைகளை மாற்றாமல் எடுத்ததற்காக நாராயண் மனநிறைவோடு பாராட்டினார். இருபது ஆண்டுகளாகத் தீராமல் இருந்த அவருடைய மனக்குறை அதோடு தீர்ந்தது.

பாதி வழியில்

சங்கருக்கு உறக்கம் குறைவு, திட்டங்கள் அதிகம். பெங்களூரிலேயே ஒலிப்பதிவு நடக்க வேண்டும் என்று ‘சங்கேத்’ ஸ்டூடியோவைத் தொடங்கினார். நாடகக் குழு நடத்தினார். ராஜ்குமாரை வைத்து ‘ஒந்து முத்தின கதெ’ (1987) எடுத்தார். பெங்களூருக்கு மெட்ரோ ரெயில் வேண்டும், நந்தி மலைக்கு ரோப் கார் வேண்டும் என்று பலரும் சிரித்த காலத்திலேயே பேசினார். நாடகத்துக்கென்றே ஓர் அரங்கம் கட்ட வேண்டும் என்பது அவர் பெரிய கனவு.

1990-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந்தேதி ‘ஜோகுமாரசாமி’ படத்துக்காகக் காரில் போய்க்கொண்டிருந்தபோது, தாவணகெரே அருகே ஆனகோடு என்ற இடத்தில் நடந்த விபத்தில் அவர் உயிரிழந்தார். அப்போது வயது 35. உடன் சென்ற மனைவியும் மகளும் உயிர் தப்பினார்கள். கர்நாடகம் முழுவதும் கண்ணீர் விட்டது.

காயங்களிலிருந்து மீண்ட அருந்ததி நாக், கணவரின் கனவைக் கையில் எடுத்தார். பல ஆண்டுகள் நிதி திரட்டி, பெங்களூர் ஜே.பி.நகரில் 2004-ல் ‘ரங்க சங்கரா’ அரங்கத்தைத் திறந்தார். கன்னட நாடகம் மட்டுமல்ல, பிற மொழி நாடகங்களும் அங்கே நடக்கின்றன. 2011-ல் பெங்களூரில் மெட்ரோ ரெயில் ஓடத் தொடங்கியபோது பலருக்கும் சங்கரின் ஞாபகம் வந்தது. மால்குடித் தொடரின் மேலும் 15 பகுதிகளை 2006-ல் கவிதா லங்கேஷ் டைரக்ட் செய்தார். அரசாளு ரெயில் நிலையத்தின் பழைய கட்டிடத்தைச் செப்பனிட்டு 2020-ல் மால்குடி அருங்காட்சியகமாக ஆக்கினார்கள்.

ஒரு தமிழர் ஆங்கிலத்தில் எழுதிய ஊர். கொங்கணி பேசும் வீட்டில் பிறந்த கன்னடக் கலைஞர் அதைக் கன்னட மண்ணில் கட்டி, இந்தியில் பேசவைத்து, தமிழர் இசையோடு நாட்டுக்குத் தந்தார். இத்தனை கைகள் மாறியும் மால்குடி மால்குடியாகவே இருந்தது. தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளத் தெரிந்த ஒரு நட்சத்திரம், அந்தக் கதைகளுக்காக ஓர் அடி பின்னால் நின்றார். அதனால்தான் அவை நிலைத்தன.