மேடுபள்ள ரோட்டுக்கு எந்த டயர் வேகம்? 1887-லேயே சோதித்துப் பார்த்த கால்நடை டாக்டர் டன்லப்பின் கதை

பழனியில் இருந்து கொடைக்கானலுக்கு 60 கி.மீ.க்கு மேல் மலைச்சாலை. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, வடகவுஞ்சியைத் தாண்டி, பெருமாள்மலை போய்ச் சேர வேண்டும். இந்த ஏற்றத்தை ஒரு முறையாவது ரோடு பைக்கில் ஏறிவிட வேண்டும் என்று ஆசைப்படும் சைக்கிள் பிரியர்கள் உண்டு. ஆனால், மழை சீசன் முடிந்த மலைச்சாலை எப்படி இருக்கும்? தார் பெயர்ந்த இடம், சிதறிக் கிடக்கும் ஜல்லி, வளைவில் வந்து படிந்த மண்.

அப்போது வரும் முதல் கேள்வி: எந்த டயர் போடுறது? ஒல்லியான டயர் வாங்கி, கல்லு மாதிரி காத்து அடிச்சா வேகமாகப் போகும் என்பார் ஒருவர். அகலமான டயர்தான் தாங்கும், ஆனா வேகம் போயிடும் என்பார் இன்னொருவர். வேகமா, உழைப்பா... இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பது போலத் தோன்றும்.

இந்தக் கேள்விக்குப் பாதி விடை 1887-லேயே ஒரு வீட்டு முற்றத்தில் கிடைத்துவிட்டது. கண்டுபிடித்தவர் சைக்கிள் ரேஸ் வீரர் இல்லை, இன்ஜினீயரும் இல்லை. ஆடு, மாடு, குதிரைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்.

யார் இந்த டன்லப்?

ஜான் பாய்ட் டன்லப் 1840 பிப்ரவரி 5 அன்று ஸ்காட்லாந்தின் ட்ரெகார்ன் என்ற ஊரில் பிறந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்தார். 1867-ல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். பெல்ஃபாஸ்ட் நகரின் மே தெருவில் இருந்த அவருடைய கால்நடை மருத்துவமனை நன்றாகவே ஓடியது. 47 வயதில், ஊரறிந்த டாக்டர். டயர் பக்கம் வர எந்தத் தேவையும் அவருக்கு இல்லை.

வரவைத்தது அவருடைய மகன் ஜானியின் மூணு சக்கர சைக்கிள். அன்றைய சைக்கிள்களுக்குக் கெட்டி ரப்பர் டயர்தான். பெல்ஃபாஸ்ட் தெருக்களோ கருங்கல் பாவியவை. ஓட்டினால் உடம்பே அதிரும். மகனின் சைக்கிள் கொஞ்சம் அலுங்காமல், கொஞ்சம் வேகமாகப் போக வழி உண்டா என்று அப்பா யோசிக்க ஆரம்பித்தார்.

முற்றத்தில் நடந்த சோதனை

1887 அக்டோபர். டன்லப் சுமார் 96 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு வட்டமான மரப்பலகையை எடுத்தார். மெல்லிய ரப்பர் தகட்டை ஒட்டிக் குழாயாக்கி அதன் விளிம்பில் சுற்றினார். மேலே லினன் துணியை இறுக்கிக் கட்டினார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் காற்றடித்தார். உலகத்தையே மாற்றிய டயரின் முதல் வடிவம் இவ்வளவுதான்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். சைக்கிளில் இருந்து கழற்றிய கெட்டி டயர் சக்கரத்தை முற்றத்தில் உருட்டிவிட்டார். கொஞ்ச தூரம் ஓடி அது சாய்ந்தது. காற்றடித்த சக்கரத்தை அதே மாதிரி உருட்டினார். அது முற்றத்தின் மறுகோடி வரை போய், கேட் தூணில் மோதித் திரும்பியது.

மெத்தென்று இருந்த சக்கரம், கெட்டிச் சக்கரத்தைவிட அதிக தூரம் போயிருக்கிறது. சொகுசுக்காகத் தேடிப் போனவருக்கு வேகமும் சேர்ந்தே கிடைத்தது.

1888 பிப்ரவரியில் மகனின் சைக்கிளில் மாட்டிப் பார்த்தார்கள். அதே ஆண்டு டன்லப் பேட்டன்ட் வாங்கினார்.

மெத்தென்று இருந்தால் எப்படி வேகம் வரும்?

கெட்டிச் சக்கரம் ஒரு ஜல்லிக்கல் மேல் ஏறும்போது, சைக்கிளையும் ஓட்டுபவரையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. அந்தத் தூக்கலுக்கான சக்தி எங்கிருந்து வருகிறது? மிதிக்கிற காலில் இருந்துதான். அதில் பெரும்பகுதி உடம்பு குலுங்குவதிலேயே வீணாகிறது.

காற்றடித்த டயர் அந்தக் கல்லை விழுங்கிக்கொள்கிறது. டயர் அந்த இடத்தில் மட்டும் உள்வாங்கும். சைக்கிள் தன் பாட்டுக்கு நேராகப் போகும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. காற்று ரொம்பக் குறைந்தால் டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக நசுங்கி, சக்தி வெப்பமாகப் போய்விடும். பள்ளத்தில் இறங்கும்போது ரிம் டியூபைக் கடித்து இரட்டை ஓட்டை போடும். ஆக, ரோட்டுக்கும் ஓட்டுபவரின் எடைக்கும் தகுந்த நடு அளவுதான் வேகம்.

சிரித்தவர்கள் தோற்றார்கள்

உப்பிய டயரைப் பார்த்து ஆரம்பத்தில் பலர் சிரித்தார்கள். 1889 மே மாதம் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் நடந்த பந்தயங்களில், வில்லி ஹ்யூம் என்ற சைக்கிள் கிளப் கேப்டன் டன்லப் டயர் போட்ட சைக்கிளில் வந்தார், ஜெயித்தார். பிறகு இங்கிலாந்து போயும் ஜெயித்தார்.

ஹ்யூமிடம் தோற்றவர்களில் ஹார்வி டு க்ராஸ் என்ற டப்ளின் வியாபாரியின் மகன்களும் இருந்தார்கள். டு க்ராஸுக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. 1889-லேயே டப்ளினில் டயர் கம்பெனி தொடங்கப்பட்டது. டன்லப் தன் பேட்டன்டைக் கொடுத்து, பங்குகளை வாங்கிக்கொண்டார்.

பேட்டன்ட் போனது எப்படி?

இங்கேதான் கதை திரும்புகிறது. காற்றடித்த டயரை முதலில் கண்டுபிடித்தவர் டன்லப் இல்லை! ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே பேட்டன்ட் வாங்கியிருந்தார். குதிரை வண்டியில் மாட்டி, லண்டனில் ஓட்டியும் காட்டினார். ஆனால், அன்று சைக்கிளும் இல்லை, காரும் இல்லை. விலையும் அதிகம். வாங்க ஆள் இல்லாமல் எல்லாரும் மறந்துபோனார்கள். டன்லப்புக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தெரியவந்தபோது அவருடைய பேட்டன்ட் செல்லாது என்றாகிவிட்டது.

கம்பெனி விழவில்லை. காரணம், மற்றவர்களின் கண்டுபிடிப்புகள். டன்லப்பின் முதல் டயரைச் சக்கரத்தோடு ஒட்டி, துணி சுற்றி வைத்திருந்தார்கள். பஞ்சர் ஆனால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். 1890-ல் சார்ல்ஸ் வெல்ச் என்பவர், டயரின் ஓரத்தில் கம்பி வைத்து ரிம்முக்குள் உட்கார வைக்கும் முறைக்குப் பேட்டன்ட் வாங்கினார். கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. இன்று பஞ்சர் கடையில் லிவர் போட்டு டயரைக் கழற்றுகிறோமே, அதன் மூலம் அதுதான். டன்லப் வேகத்தைக் கொடுத்தார். ரோட்டில் நின்று சரிசெய்யும் வசதியைக் கொடுத்தவர் வெல்ச்.

நூறு வருஷம் மறந்துபோன பாடம்

டன்லப்பின் சோதனை முற்றத்துத் தரையில் நடந்தது. பிற்காலத்தில் டயர்களைச் சோதனைக்கூடத்தில், வழுவழுப்பான இரும்பு உருளை மேல் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே காற்று ஏற ஏற உராய்வு இழப்பு குறையும். அதனால் ஒல்லி டயரும் அதிகக் காற்றும்தான் வேகம் என்ற நம்பிக்கை ஊறிப்போனது. 23 மி.மீ. டயரில் 120 பி.எஸ்.ஐ. வரை அடித்தார்கள். இரும்பு உருளையில் குண்டும் குழியும் கிடையாது, குலுங்க மனித உடம்பும் கிடையாது என்பதை யோசிக்கவில்லை.

இப்போது நிலைமை மாறிவிட்டது. டூர் டி பிரான்ஸ் வீரர்களே 28 மி.மீ.யும் அதற்கு மேலும் போடுகிறார்கள்.

அப்போ, வடகவுஞ்சி ஏற எதை வாங்குறது?

* அகலம்: 28 அல்லது 32 மி.மீ. ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே இரு பக்கமும் சுமார் 4 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.
* காற்று: 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டியூப் டயரில் 70–80 பி.எஸ்.ஐ., 32 மி.மீ.யில் 55–65 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம். முன் டயரில் கொஞ்சம் குறைவாக வையுங்கள். டயரிலும் ரிம்மிலும் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.
* உள்ளே இருக்கும் நூல்: மெல்லிய நூலால் நெய்த டயர் எளிதில் வளையும், வேகமாக ஓடும், ஆனால் கூரான கல் பக்கவாட்டைக் கிழிக்கலாம். ரப்பருக்கு அடியில் பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள, நடுத்தர எடை டயர் மலைச்சாலைக்குப் பொருந்தும். ரொம்பத் தடித்த டயர் எளிதில் பஞ்சர் ஆகாது, ஆனால் மெத்தென்று வளையவும் வளையாது.
* பட்டன்: தார் ரோட்டுக்கு டிசைன் தேவையில்லை. வழுவழுப்பான டயரே போதும். ஈரத்தில் பிடிப்பு தருவது ரப்பரின் தரமும் சரியான காற்றும்தான்.
* டியூப்லெஸ்: உள்ளே ஊற்றும் திரவம் சின்ன ஓட்டைகளை அடைத்துவிடும். ரிம் கடித்து டியூப் ஓட்டையாகும் தொல்லை இல்லை. பெரிய கிழிசலுக்கு உதவாது; ஸ்பேர் டியூப் பையில் இருக்கட்டும்.
* இறக்கம்: ரிம் பிரேக் சைக்கிளில் தொடர்ந்து பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். விட்டு விட்டுப் பிடியுங்கள், நடுவில் நின்று ஆறவிடுங்கள்.

பணம் போனது, பெயர் நின்றது

டன்லப் 1895-லேயே கம்பெனியில் இருந்து விலகி, பங்குகளில் பெரும்பகுதியை விற்றுவிட்டார். அடுத்த ஆண்டே கம்பெனி 30 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. அந்தப் பெரும் பணத்தில் அவருக்குப் பெரிய பங்கு இல்லை. கடைசிக் காலத்தில் டப்ளினில் துணி வியாபாரத்தில் ஈடுபட்டார். 1921 அக்டோபர் 23 அன்று, 81 வயதில் காலமானார்.

பெயர் மட்டும் ஊர் ஊராகப் போனது. மேற்கு வங்கத்தின் சாஹாகஞ்சிலும் பிறகு சென்னை அம்பத்தூரிலும் அந்தப் பெயரில் டயர் தொழிற்சாலைகள் வந்தன. மரச்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் டயர் போட்ட மாட்டு வண்டி நம் கிராமங்களில் டயர் வண்டி ஆனது. கால்நடை டாக்டரின் கண்டுபிடிப்பு கடைசியில் மாட்டின் கழுத்துச் சுமையையும் குறைத்தது.

பேட்டன்ட் தாம்சனுக்குப் போனது, லாபம் மற்றவர்களுக்குப் போனது. டன்லப்பிடம் மிஞ்சியது அந்த முற்றத்துச் சோதனை. அதை இன்றும் யாரும் செய்து பார்க்கலாம். வடகவுஞ்சிப் பாதையில் மிதிக்காமல் உருளக்கூடிய ஒரு சின்ன இறக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு முறை 100 பி.எஸ்.ஐ., ஒரு முறை 75 வைத்து, ஒரே இடத்தில் இருந்து உருண்டு பாருங்கள். எது அதிக தூரம் போகிறதோ, அந்த ரோட்டுக்கு அதுதான் சரியான காற்று.