நடிப்பால் வென்ற பாடகி

பாட்டும் நடிப்பும் ஒருங்கே அமைந்த இசை நாடகத்தை ஐரோப்பியர் ஆப்பெரா என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பெரா காண வந்தோருள் பலர் இனிய குரலை மட்டுமே எதிர்பார்த்தனர். பாடுவோர் மேடையில் அசையாது நின்றாலும் அதைக் குறையாகக் கருதவில்லை. அந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் வில்ஹெல்மினே ஷ்ரோடர் தெவ்ரியன்ட் என்னும் ஜெர்மானியப் பாடகி.

இவர் 1804ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். தந்தை பாடகர். தாய் சோஃபி ஷ்ரோடர் துன்பியல் நாடகங்களில் நடித்துப் பெரும்புகழ் பெற்றவர். வில்ஹெல்மினே சிறுமியாக இருந்தபோதே மேடையேறி நடனமாடினார். பதினைந்து வயதில் வியன்னா நகரில் நாடக நடிகையானார். பாட்டுப் பயிற்சி அவருக்குப் போதிய அளவு வாய்க்கவில்லை. தாயிடம் கற்ற நடிப்பே அவருடைய கைம்முதல். எனினும் 1821இல் மோட்சார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' என்னும் ஆப்பெராவில் பாடி அனைவரையும் கவர்ந்தார்.

அடுத்த ஆண்டு நவம்பரில் அவரது வாழ்வின் பெருஞ்சோதனை வந்தது. பேத்தோவன் இயற்றிய ஒரே ஆப்பெராவான 'பிடேலியோ' வியன்னாவில் மீண்டும் அரங்கேறியது. லியோனோரா என்னும் பெண் ஆண் வேடம் பூண்டு சிறைச்சாலையில் பணிக்குச் சேர்ந்து, அங்கே அநீதியாக அடைக்கப்பட்ட தன் கணவனை மீட்கும் கதை அது. பதினெட்டு வயது நிறையாத வில்ஹெல்மினேயே லியோனோரா.

பேத்தோவனின் செவிகள் அப்போது ஏறத்தாழ முற்றிலும் கேளாமல் போயிருந்தன. ஆயினும் ஒத்திகையைத் தாமே நடத்த முற்பட்டார். இசைக்குழுவின் ஒலி அவருக்கு எட்டவில்லை. அவர் காட்டிய தாளம் ஒருபுறமும் பாடியோர் மறுபுறமுமாகச் சென்று அனைத்தும் குழம்பின. அரங்கேற்ற நாளில் வேறொருவர் இசைக்குழுவை நடத்தினார். அவருக்குப் பின்னால் மேலங்கியால் உடலைப் போர்த்தியபடி பேத்தோவன் அமர்ந்திருந்தார். ஒளிவீசும் அவருடைய கண்களே வில்ஹெல்மினேக்குத் தெரிந்தன.

நிலவறைக் காட்சி வந்தது. கொடியவன் கணவனைக் குத்தக் கத்தியை ஓங்குகிறான். லியோனோரா குறுக்கே பாய்ந்து தானே அவன் மனைவி என்று வெளிப்படுத்த வேண்டும். அந்தக் கட்டத்தில் தம் வலிமை முழுவதும் வடிந்துபோனதாகவும் அச்சம் தம்மைப் பற்றிக்கொண்டதாகவும் வில்ஹெல்மினே பிற்காலத்தில் கூறியுள்ளார். ஆனால் அவருடைய நடுக்கம் லியோனோராவின் நடுக்கமாகவே அவையோருக்குத் தோன்றியது. கரவொலி எழுந்தது. நாடகம் முடிந்தபின் பேத்தோவன் புன்னகையோடு வந்து அவர் கன்னத்தில் தட்டி நன்றி கூறினார். அவருக்காகவே புதிய ஆப்பெரா ஒன்றை இயற்றுவதாகவும் வாக்களித்தார். அந்தக் குரலை அவர் கேட்டிருக்க முடியாது. முகத்தைக் கண்டே கலையை அளந்தார். வாக்களித்த ஆப்பெராவை இயற்றாமலே 1827இல் அவர் மறைந்தார்.

1823 முதல் 1847 வரை டிரெஸ்டன் நகர அரங்கே வில்ஹெல்மினேயின் களமாயிற்று. பாரிசிலும் லண்டனிலும் பாடினார். உணர்ச்சி மிகும் இடங்களில் அவர் பாட்டை நிறுத்திச் சொற்களைப் பேசிவிடுவார். பலர் மெய்சிலிர்த்தனர்; பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோசுக்கோ அது சிறிதும் பிடிக்கவில்லை. குரலின் குறைகளை நடிப்பால் மறைக்கிறார் என்று சொன்னவர்களும் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருந்தது.

1830இல் வைமர் நகரில் முதுபெருங்கவிஞர் கோதேயின் முன் அவர் பாடினார். நள்ளிரவில் நோயுற்ற மகனைக் குதிரைமேல் சுமந்து செல்லும் தந்தையைப் பற்றிய கோதேயின் கவிதைக்கு இளைஞர் ஷூபர்ட் இசையமைத்திருந்தார். முன்னர் ஷூபர்ட்டின் நண்பர் அவ்விசையை அனுப்பியபோது கோதே பதிலே எழுதவில்லை. இப்போது வில்ஹெல்மினே பாடக் கேட்டதும் பாடலின் காட்சிகள் கண்முன் விரிவதாகக் கூறிப் பாராட்டினார். அதைக் கேட்க ஷூபர்ட் உயிரோடு இல்லை.

ரிச்சர்ட் வாக்னரின் மூன்று ஆப்பெராக்கள் டிரெஸ்டனில் முதன்முதலாக அரங்கேறியபோது வில்ஹெல்மினே அவற்றில் பாடினார். அவற்றுள் ஒன்றான 'பறக்கும் டச்சுக்காரன்' 1843இல் மேடையேறியது. நாடகமும் இசையும் ஒன்றாக வேண்டும் என்று கனவு கண்ட வாக்னருக்கு அவர் நடிப்பே வழிகாட்டியது.

1849 மே மாதம் டிரெஸ்டனில் மக்கள் மன்னராட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். மேடையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த வில்ஹெல்மினே கிளர்ச்சியாளர் பக்கம் நின்றார். அதற்காகப் பின்னர் கைது செய்யப்பட்டு, சாக்சனி நாட்டுக்குள் நுழையவும் தடை விதிக்கப்பட்டார். சிறைக்கதவைத் திறக்கும் லியோனோராவாக ஆண்டுக்கணக்கில் நடித்தவருக்கு நேர்ந்தது இது! தடை பிற்பாடு நீக்கப்பட்டது.

இறுதிக்காலத்தில் இசையரங்குகளில் தனிப்பாடல்கள் பாடிய அவர், 1860 ஜனவரி 26 அன்று கோபர்க் நகரில் காலமானார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் நடிகர்களையும் பாடகர்களையும் பற்றி நூலொன்று எழுதிய வாக்னர், அதை அவர் நினைவுக்கே உரிமையாக்கினார்.